வெள்ளித்திரையில் இலங்கைச் சரித்திரம்: லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் படங்களும் மலைநாட்டுத் தமிழரும்

சரித்திரத்தை ஏட்டிற் கற்றவரினும் திரையிற் கண்டவரே நம்மிடையே அதிகம். கட்டபொம்மன் என்ற பெயர் காதில் விழுந்ததும் நம் பெரியவர்களின் மனக்கண் முன் வந்து நிற்பது பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரின் உருவமன்று. 1959ஆம் ஆண்டில் பி. ஆர். பந்துலு எடுத்த படத்தில் மீசை துடிக்க நின்ற சிவாஜி கணேசனின் உருவமே. வ. உ. சிதம்பரனார் என்றாலும் 1961ஆம் ஆண்டின் ‘கப்பலோட்டிய தமிழன்’ முகமே தோன்றும். சம்பள நாள் கழிந்ததும் தோட்டத்து லயங்களிலிருந்து கும்பல் கும்பலாகப் பட்டணத்துக்கு இறங்கிப் படம் பார்த்துத் திரும்பிய காலத்தில், கடல் கடந்த சரித்திரம் நமக்கு இவ்வாறு வந்து சேர்ந்தது. அதில் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், நாம் காலூன்றி நிற்கும் இந்த மண்ணின் சரித்திரத்தைத் திரையில் வடித்தவர் யார், அதில் நம் பாட்டன் பூட்டன்மாருக்கு எந்த இடம் கிடைத்தது என்று கேட்டால் நம் இளைஞரில் பலர் விழிப்பர். அக்கேள்வியைக் கையிற் கொண்டு ஒரு பெருங்கலைஞரின் படங்களை இக்கட்டுரையில் நோக்க விழைகிறோம்.

அவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். 1919ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் தெஹிவளையிற் பிறந்து, 2018 ஏப்ரல் 29ஆம் நாள் தொண்ணூற்றொன்பது வயது நிறைந்து மறைந்தவர். தந்தையார் வைத்தியர், குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம், வீட்டில் வழங்கிய மொழி ஆங்கிலம். தம்பியார் ஐவன் பீரிஸ், ‘நாற்பத்து மூன்றாம் ஆண்டுக் குழு’ என்று பெயர்பெற்ற ஓவியர் கூட்டத்தைச் சேர்ந்தவர். இத்தகைய நகரத்துச் சூழலில் வளர்ந்த ஒருவர்தாம் பின்னாளில் சிங்களக் கிராமத்தின் முகத்தை உலகுக்குக் காட்டினார். சொந்த நாட்டைத் தேடிக் கண்டடைய வேண்டியிருந்ததனாலேயே அவர் கண்ணுக்கு அது அத்துணைத் தெளிவாகத் தெரிந்தது போலும்.

அவருக்கு முன்பிருந்த சிங்களத் திரைப்படத்தின் நிலையைச் சிறிது கூற வேண்டும். முதற் சிங்களப் பேசும் படமாகிய ‘கடவுனு பொரொந்துவ’ 1947ஆம் ஆண்டு ஜனவரி 21ஆம் நாள் கொழும்பில் திரைக்கு வந்தது. அது உருவான இடம் கொழும்பன்று, கண்டியுமன்று. நம் மதுரை மாநகர். தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். அதன் பின்னும் பல ஆண்டுகள் சிங்களப் படங்கள் தென்னிந்தியக் கலைக்கூடங்களிலேயே பிறந்தன. கித்துல் மரமும் வயல்வரம்பும் திரைச்சீலையிலே தீட்டப்பட்டன. பாட்டு மெட்டும் சண்டையும் சிரிப்பும் தமிழ்ப் படத்தினின்றும் இந்திப் படத்தினின்றும் பெயர்த்து நடப்பட்டவை. தமிழன் ஊட்டி வளர்த்த பிள்ளை அது என்று நாம் பெருமை பேசலாம். ஆனால் அந்தப் பிள்ளைக்குத் தன் ஊர் எதுவென்று தெரியாதிருந்தது என்பதும் உண்மை.

இனி, லெஸ்டருக்கு முன்னர் இந்நாட்டில் எடுக்கப்பட்ட ஒரு விவரணப் படத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். ஏனெனில் அதன் செலவைக் கொடுத்தது தேயிலை. அந்தத் தேயிலையைப் பறித்தவர் நம்மவர்.

1930களில் உலகெங்கும் வியாபார மந்தம் சூழ்ந்து தேயிலை விலை சரிந்தபோது, இலங்கைத் தேயிலையின் புகழைப் பரப்புவதற்கென்று 1932ஆம் ஆண்டில் தேயிலைப் பிரசாரச் சபை ஏற்படுத்தப்பட்டது. ஏற்றுமதியாகும் தேயிலைமீது விதித்த தீர்வையே அதன் முதல். அச்சபை இலண்டனில் ஜோன் கிரியர்சன் என்னும் விவரணப்பட மூதறிஞரின் குழுவிடம் நான்கு சிறு படங்கள் கேட்டது. அவற்றை எடுக்க 1934ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பசில் ரைட் என்ற இளைஞர் ஒரு துணையாளருடன் இங்கு வந்திறங்கினார். கேட்டவை நான்கு பிரயாணப் படங்கள். கிடைத்ததோ ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஓடும் ஒரே காவியம். ‘சோங் ஒஃப் சிலோன்’ என்று அதற்குப் பெயர் வைத்தனர். 1935ஆம் ஆண்டு பிரசெல்ஸ் திரைப்பட விழாவில் அது முதற் பரிசு பெற்றது. இன்றும் விவரணப்படக் கலையைக் கற்பிக்கும் இடங்களிலெல்லாம் அதனைப் போட்டுக் காட்டுகிறார்கள்.

படம் நான்கு பகுதிகளாக அமைந்தது. முதற்பகுதி பக்தர்கள் மலையேறும் காட்சி. அம்மலை எதுவென்று நம்மவர்க்குச் சொல்லவும் வேண்டுமோ? அட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக ஆண்டுதோறும் நாம் அடிவாரம் சென்று ஏறும் சிவனொளிபாதமலையே அது. பௌத்தர் புத்தபிரானின் பாதமென்றும், நாம் சிவனின் பாதமென்றும், முஸ்லிம்கள் ஆதாமின் பாதமென்றும் வணங்கும் அந்தச் சிகரத்தை ரைட் பௌத்தர்களின் மலையாக மட்டுமே காட்டினார். போகட்டும், முதியோரைத் தாங்கிப் படியேறும் கால்களையும், விடியலில் மலையுச்சியின் நிழலையும் அவர் பிடித்திருக்கும் அழகை எந்தச் சமயத்தவரும் மறுக்கமாட்டார். மூன்றாம் பகுதிக்கு ‘வாணிபத்தின் குரல்கள்’ என்று பெயர். அங்கேதான் கொழுந்து பறிக்கும் கைகள் திரைக்கு வருகின்றன. அவற்றின் மேல் ஒலிப்பது அந்தக் கைகளுக்குரியோரின் குரலன்று. சந்தை விலையும், தந்திச் செய்தியும், கப்பல் புறப்படும் நேரமும் ஆங்கிலத்திலே அடுக்கடுக்காக ஒலிக்கின்றன. காட்சியையும் ஒலியையும் இவ்வாறு மோதவிட்டது அக்காலத்தில் பெரும் புதுமை. வாணிபத்தை ரைட் நையாண்டி செய்தார் என்று புகழ்வோர் உளர். நாமும் அதை ஒப்புகிறோம். ஆனால், நையாண்டிக்காகவேனும் அந்தக் கைகளின் சொந்தக்காரி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்கிறோம்.

அவள் பேச முடியாமற்போனதற்கு மற்றொரு காரணமும் உண்டு; அது கவனிக்கத்தக்கது. படத்தின் விளக்கவுரையாக ரைட் எடுத்துக்கொண்டது றொபர்ட் நொக்ஸ் எழுதி 1681ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்த நூல். அதனைப் படத்திலே வாசித்தவர் கொழும்பின் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் லயனல் வெண்ட். 1660ஆம் ஆண்டில் கொட்டியாரக் குடாவிற் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டு சிறையிருந்த நொக்ஸ், தாம் கண்ட சிங்களக் குடியானவரின் வாழ்வை எழுதினார். அவர் காலத்தில் மலைநாட்டில் கோப்பித் தோட்டமுமில்லை, தேயிலையுமில்லை. ஆகவே அந்நூலில் நாமும் இல்லை. 1934ஆம் ஆண்டின் இலங்கைக்கு 1681ஆம் ஆண்டின் வாயைப் பொருத்திய மாத்திரத்தில், இடையிலே வந்து மலையைத் திருத்திய ஒரு சமூகம் முழுவதும் பேச்சிலிருந்து நழுவிவிட்டது. இது ரைட்டின் சூழ்ச்சியென்று நாம் கருதவில்லை. அழகு தேடிய கண் பழமையை நாடியது. பழமையில் நமக்கு இடமில்லை. சரித்திரப் படம் எடுப்போர் எவரும் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி இது.

லெஸ்டருக்கு வருவோம். 1947ஆம் ஆண்டில் அவர் இலண்டன் சென்று, கொழும்புப் பத்திரிகையொன்றுக்குக் கலைச் செய்திகள் எழுதிக்கொண்டே சிறிய படங்கள் எடுத்துப் பழகினார். இங்கே 1948ஆம் ஆண்டில் அரசாங்கத் திரைப்படப் பிரிவு நிறுவப்பட்டது. அதன் தலைமைக்கு வந்த ஆங்கிலேயர் ரால்ஃப் கீன், இலண்டனிற் கண்ட லெஸ்டரைத் தாய்நாட்டுக்கு அழைத்தார். 1952ஆம் ஆண்டில் அவர் திரும்பினார். சுதந்திர இலங்கை தன்னைத் தானே படம்பிடித்துக்கொள்ளத் தொடங்கிய அந்த 1948ஆம் ஆண்டிலேதான் பிரசாவுரிமைச் சட்டமும் நிறைவேறி நம் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது என்பதை இளைஞர் நினைவில் வைத்துக்கொள்க. நாடு தன் முகத்தைக் கண்ணாடியிற் பார்த்த வேளையில் நாம் அறைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தோம்.

திரைப்படப் பிரிவில் லெஸ்டர் எடுத்த விவரணங்களில் 1954ஆம் ஆண்டின் ‘வறண்ட வலய வெற்றி’ என்று பொருள்படும் படம் முக்கியமானது. மலேரியாவை ஒழித்து, காடாய்க் கிடந்த வடமத்திய நிலத்தை மீண்டும் கழனியாக்கிய வரலாறு அதன் பொருள். 1934ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோய் எண்பதினாயிரம் உயிர்களுக்கு மேல் குடித்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. மருந்து வந்த பின்னரே அந்நோய் அடங்கிற்று. அந்தப் படத்தைக் காணும் மலைநாட்டுத் தமிழனுக்கு வேறொரு நினைவும் எழாமற்போகாது. மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை நம் முன்னோர் கால்நடையாக வந்த பாதை அதே வறண்ட வலயத்தை ஊடறுத்தே சென்றது. அக்காய்ச்சல் அவர்களையும் விட்டுவைக்கவில்லை.

1955ஆம் ஆண்டில் லெஸ்டர் அரசாங்க வேலையை உதறினார். ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும் படத்தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்தவும் உடன் வந்தனர். மூவரும் சேர்ந்து 1956ஆம் ஆண்டின் முடிவில் ‘ரேகாவ’ படத்தைத் திரைக்குக் கொண்டுவந்தனர். கலைக்கூடத்தை விட்டுக் கமராவைக் கிராமத்து வெயிலுக்குக் கொண்டுபோன படம் அது. 1957ஆம் ஆண்டில் கான் விழாவுக்குச் சென்றது. உள்ளூரில் வசூல் தரவில்லை. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைக் கொண்டு 1963ஆம் ஆண்டில் எடுத்த ‘கம்பெரலிய’ 1965ஆம் ஆண்டு புதுடில்லி விழாவில் தங்க மயில் விருது பெற்றது. இவையிரண்டும் அவருடைய கொடுமுடிகள் என்பர். நம் பொருள் சரித்திரப் படமாதலின் இவற்றைக் கடந்து செல்கிறோம்.

அவருடைய முதற் சரித்திரப் படம் 1960ஆம் ஆண்டின் ‘சந்தேசய’. போர்த்துக்கேயர் ஆண்ட காலத்தில் அவர்களை எதிர்த்துக் கிளர்ந்த கிராமத்தவரின் கதை. காமினி பொன்சேகாவின் பெயரை நாடறியச் செய்த படங்களில் அதுவும் ஒன்று. ‘ரேகாவ’ படத்தின் தோல்வியால் துவண்டிருந்த லெஸ்டருக்கு இப்படம் எடுக்கப் பணம் போட்டவர் யார் தெரியுமா? சினிமாஸ் நிறுவனத்தின் அதிபர் கே. குணரத்தினம் என்னும் தமிழ்ப் பெருவணிகர். அந்நியரை எதிர்த்த சிங்கள வீரரின் கதையைத் தமிழரின் பணம் திரைக்குக் கொண்டுவந்தது; மக்கள் திரண்டு சென்று பார்த்தனர்; அதன் பாட்டுகள் சிற்றூர் வரை பரவின. அதே குணரத்தினம் ஹெந்தலையில் நடத்திய விஜயா கலைக்கூடம் 1983ஆம் ஆண்டு ஜூலைக் கலவரத்தில் எரிக்கப்பட்டது. அங்கு வைக்கப்பட்டிருந்த படச்சுருள்கள் பல சாம்பலாயின. எரிந்தவற்றில் பெரும்பாலானவை சிங்களப் படங்கள். பழி வாங்கப் போனவர்கள் தம் சொந்தக் கலைச் செல்வத்துக்கே தீ வைத்தனர்.

‘சந்தேசய’ வெற்றிப் படமாயினும் லெஸ்டரின் உள்ளம் முழுவதும் அதில் இருந்ததென்று நாம் கூறமாட்டோம். அவருடைய திறமை மெல்லிய பார்வையிலும் சொல்லாமல் விட்ட சொல்லிலும் இருப்பது. கோட்டையும் வாளும் வெடிமருந்தும் அவர் கைக்குச் சற்றுப் பெரிய கருவிகள். 1974ஆம் ஆண்டில் ஆங்கிலேயத் தயாரிப்பாளருடன் சேர்ந்து சீகிரியாக் காசியப்பனின் கதையை ஆங்கிலத்தில் எடுத்தபோது இது மேலும் வெளிப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டு அநுராதபுரத்து அரசனாக லீ லோசன் என்ற ஆங்கில நடிகர் நடித்தார். மலையும் மாளிகையும் கண்ணைப் பறித்தன, மனத்தைத் தொடவில்லை. (1980ஆம் ஆண்டின் ‘பத்தேகம’ இதற்கு நேர்மாறு. லெனாட் வுல்ஃப் எழுதிய காட்டுக் கிராமத்தின் கதை அது. நீதவானாகிய வுல்ஃபின் வேடத்தில் விஞ்ஞானக் கதையாசிரியர் ஆர்தர் சி. கிளார்க் தோன்றியதை அறிந்தால் இளைஞர் வியப்பர்.)

இவற்றையெல்லாம்விட நமக்கு நெருங்கிய படம் 1979ஆம் ஆண்டின் ‘வீர புரன் அப்பு’. நெருங்கியதென்று ஏன் சொல்கிறோம் என்பதை விளக்குவதற்கு அந்தச் சரித்திரத்தையே சொல்ல வேண்டும்.

1840களில் கண்டி மலைகளில் கோப்பி வெறி பிடித்தாடிற்று. காடு அழிந்தது, காணி கைமாறியது, கவர்ன்மெண்டு உத்தியோகத்தரே தோட்டச் சொந்தக்காரராயினர். 1847ஆம் ஆண்டில் கோப்பி விலை விழுந்தது. அரசாங்கத்தின் பணப்பெட்டியும் காலியாயிற்று. அவ்வாண்டு வந்த தேசாதிபதி டொரிங்டன் பிரபு பணத்துக்கு வழி தேடினார். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கு வரி என்று 1848ஆம் ஆண்டில் வரிமேல் வரி விதித்தார். அது போதாதென்று ஒவ்வோர் ஆண்மகனும் ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்ய வேண்டும், இன்றேல் மூன்று சிலிங் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. தெரு யாருக்கு? கோப்பி மூட்டையைக் கொழும்புக்கு இறக்கும் துரைமாருக்கு. குடியானவன் கொதித்தெழுந்ததில் வியப்பென்ன?

1848 ஜூலை 26ஆம் நாள் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். மொறட்டுவையிற் பிறந்து மலைநாட்டுக்கு வந்த புரன் அப்பு அவனுடைய படைத்தலைவன். 28ஆம் நாள் கூட்டம் மாத்தளையைத் தாக்கிற்று. அரசாங்கக் கட்டடங்கள் சூறையாடப்பட்டன, வரிக் கணக்கேடுகள் அழிக்கப்பட்டன. மறுநாள் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. புரன் அப்பு பிடிபட்டு ஆகஸ்ட் 8ஆம் நாள் கண்டியில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானான். குடாபொல தேரரைக் காவியுடையுடனேயே சுட்டுக் கொன்றனர். பண்டா செப்டெம்பரில் அகப்பட்டு, கசையடி பெற்று, மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டான். கொடுமை இலண்டன் பாராளுமன்றம் வரை எட்டி, 1850ஆம் ஆண்டில் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார்.

திஸ்ஸ அபேசேகரவின் திரைக்கதையில் லெஸ்டர் இதனைப் படமாக்கினார். ரவீந்திர ரந்தெனிய புரன் அப்புவாகவும், ஜோ அபேவிக்ரம கொங்காலேகொட பண்டாவாகவும், மாலினி பொன்சேகா நாயகியாகவும் நடித்தனர். ஜோ அபேவிக்ரமவின் பண்டா நம் நெஞ்சில் நிற்பவர். முடி சூடியதும் மகிழ்ச்சியும் அச்சமும் ஒருங்கே தோன்றும் எளிய மனிதன். இங்கேதான் பழைய லெஸ்டரைக் காண்கிறோம். குடியானவரின் கோபத்துக்கு நியாயம் எதுவென்று இப்படம் தெளிவாகச் சொல்கிறது. அந்நியனை எதிர்த்த ஒரு மலைநாட்டு எழுச்சியை மதிப்போடு காட்டியமைக்காக நாமும் அதைப் போற்றுகிறோம்.

ஆயினும் நம் வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள். முடிசூட்டு நடந்த தம்புள்ளை எந்தத் தெருவில் இருக்கிறது? தாக்கப்பட்ட மாத்தளை எந்தத் தெருவின் முடிவில் இருக்கிறது? இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளில் பஞ்சம் பிழைக்க வழியின்றிக் கங்காணியின் பின்னே தோணியேறி, மன்னார், அரிப்புக் கரைகளில் இறங்கி, நூற்றைம்பது மைலளவு காட்டுவழியாக நடந்து வந்தவர்களின் தெரு அதுவே. தண்ணீரில்லை, தங்க இடமில்லை. பேதியும் காய்ச்சலும் கூடவே நடந்தன. விழுந்தவரை விட்டுவிட்டு மற்றவர் நடந்தனர். 1841க்கும் 1849க்கும் இடையில் எழுபதினாயிரம் பேர் மாண்டனரென்று அக்காலக் கொழும்புப் பத்திரிகையொன்று கணக்குச் சொல்லிற்று. அக்கணக்கு மிகையென்று வாதிக்கும் ஆராய்ச்சியாளரும் உளர். பாதியென்றே கொண்டாலும் அது ஒரு யுத்தத்தின் சாவுத் தொகை. தப்பி வந்தோர் மாத்தளையில் மூச்சு விட்டனர். முத்துமாரியம்மன் அங்கே கோயில் கொண்டது தற்செயலன்று. காட்டைக் கடந்தவன் முதலிற் கும்பிட்ட தெய்வம் அவள்.

அப்படியானால் 1848ஆம் ஆண்டு அந்தத் தெருவிலே இரண்டு துன்பங்கள் ஒன்றையொன்று கடந்து சென்றிருக்கின்றன. கோப்பியினால் காணியிழந்து வரி கட்ட மாட்டாத சிங்களக் குடியானவன் ஒரு புறம். அதே கோப்பிக்காக ஊரிழந்து வந்த தமிழ்க் கூலி மறு புறம். இருவரையும் வருத்திய கை ஒன்றே. ஆனால் குடியானவனின் கண்ணுக்குக் கூலி, துரையின் ஆளாகத் தெரிந்தான். கூலியின் கண்ணுக்குக் குடியானவன் அந்நியனாகத் தெரிந்தான். பின்னாளில் வந்த எத்தனையோ கசப்புகளுக்கு வித்து அங்கே கிடக்கிறது. லெஸ்டரின் படம் எடுத்துக்கொண்டது முதல் துன்பத்தை. ஒரு கலைஞன் தான் எடுத்துக்கொண்ட கதையைச் சொல்வான். எடுக்காத கதைக்கு அவனைக் குற்றவாளியாக்குவது நீதியன்று. இரண்டாவது துன்பத்தைச் சொல்ல வேண்டியவர் யார் என்பதே கேள்வி.

இங்கு இன்னொரு விந்தையும் உண்டு. மேலே சொன்ன றொபர்ட் நொக்ஸ் 1679ஆம் ஆண்டு அக்டோபரில் கண்டி இராச்சியத்திலிருந்து தப்பி ஓடியபோது அநுராதபுரக் காட்டைக் கடந்து அடைக்கலம் புகுந்த இடம் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டை. அவர் விடுதலை பெற்ற கரையில், ஒன்றரை நூற்றாண்டு கழித்து நம்மவர் கட்டுண்டவராக இறங்கினர். நொக்ஸின் ஓட்டம் நூலாயிற்று, நூல் திரைப்படத்தின் குரலாயிற்று. எதிர்த் திசையில் நடந்தவர்களுக்கு எழுதத் தெரியாது. அவர்கள் பாடிய பாட்டு மட்டும் வாய்வழியாகத் தப்பிற்று.

நம்மவர் வாழ்வைப் படமாக்க முயற்சியே நடக்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. இலங்கைத் தமிழ்த் திரைப்படத்தின் முதலடிகளிலேயே, 1960களின் தொடக்கத்தில், கிருஷ்ணகுமார் ‘தோட்டக்காரி’ எடுத்தார். தொழிற்சங்கவாதியும் நடிகருமாகிய வீ. பி. கணேசன் 1975ஆம் ஆண்டில் ‘புதிய காற்று’ படத்தைத் தயாரித்து நடித்தார். கொழுந்துக் கூடையும் லயத்து வாசலும் அதிலே கதாநாயகனுக்குப் பின்னணியாக மட்டும் நில்லாமல் கதையாகவே வந்தன. தென்னிந்தியப் படங்களின் வெள்ளத்தில் இவை எதிர்நீச்சல் அடித்த துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். பாட்டும் வசனமும் சென்னையைப் பார்த்துச் செய்தவை என்ற குறையும் உண்டு. மலைநாட்டுத் தமிழன் மலைநாட்டுத் தமிழ் பேசுவதைத் திரையிற் கேட்க மக்கள் நெடுநாள் காத்திருந்தனர். 2013ஆம் ஆண்டில் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியை சிவமோகன் சுமதி நெறிப்படுத்திய ‘இங்கிருந்து’ வெளிவந்தது. இன்றைய மலையக வாழ்வையும் அதற்குள் உறைந்திருக்கும் பழைய துன்பத்தையும் ஒன்றாகப் பின்னிய படம் அது. நம் சங்கங்கள் கூட்டாக அமர்ந்து பார்த்து வாதிக்கத் தக்கது.

எனினும் இவை சமூகப் படங்கள். ‘வீர புரன் அப்பு’ போன்ற சரித்திரப் படம் நமக்கு இல்லை. கதைக்குப் பஞ்சமா? 1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் ஹேவாஹெட்டப் பகுதி முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் குண்டுக்குப் பலியான கோவிந்தனை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சாவை ஆராய விசாரணைக் குழு அமர்த்தப்பட்டது. விதவையின் சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா தோன்றி வாதாடினார். லயத்து மண்தரையில் தொடங்கி விசாரணை மண்டபத்தில் முடியும் அக்கதையில் சிங்களவரும் தமிழரும் ஒரே பக்கத்தில் நிற்கின்றனர். அல்லது அட்டனில் அச்சகம் வைத்துத் தோட்டந்தோறும் சென்று பேசிய கோ. நடேசய்யரையும், மேடையில் பாடிப் பாடியே மக்களைத் திரட்டிய மீனாட்சி அம்மையாரையும் எடுத்துக்கொள்ளலாம். கதாநாயகியைக் கற்பனை செய்ய வேண்டிய தேவையே இல்லை.

பணம் வேண்டுமே என்பர் பெரியவர்கள். உண்மைதான், உடையும் குதிரையும் படையும் கொண்ட படம் இலட்சக்கணக்கில் விழுங்கும். லெஸ்டர் தம் கடைசிக் காலம் வரை நூறு படங்களை மனத்திலே எடுத்து இருபது படங்களையே திரையில் எடுத்தவர் என்று சொல்லத்தக்க வாழ்வு வாழ்ந்தார். முதல் தேடுவதிலேயே பாதி ஆயுள் கழிந்தது. ஆனால் அவர் தொடங்கியது குதிரைப்படையில் அன்று, சிறிய கமராவும் சில நிமிடச் சுருளும் கொண்ட விவரணங்களில். அந்த வழி நமக்கும் திறந்திருக்கிறது. சுருளின் ஆயுள் எவ்வளவு குறுகியதென்பதையும் அவர் படங்களே காட்டின. அவருடைய தலைசிறந்த படைப்பாகப் பலரும் கருதும் 1972ஆம் ஆண்டின் ‘நிதானய’ சிதைந்துபோகும் நிலையிலிருந்து வெளிநாட்டு நிறுவனமொன்றின் முயற்சியால் 2013ஆம் ஆண்டிலேயே புதுப்பிக்கப்பட்டது. நாடறிந்த கலைஞரின் படத்துக்கே இக்கதி.

2023ஆம் ஆண்டு, நம்மவர் இம்மலைக்கு வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை ஒட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் ஜூலை இறுதியில் புறப்பட்டு ஆகஸ்டில் நிறைவெய்தியது. முன்னோர் நடந்த தெருவிலே பேரரும் கொள்ளுப்பேரரும் நடந்தனர். சிங்களவரும் முஸ்லிம்களும் வழியில் சேர்ந்துகொண்டனர். தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்குள் அவர்கள் நுழைந்ததை எத்தனையோ இளைஞர் கைத்தொலைபேசியிற் படம்பிடித்தார்கள். அப்படங்கள் இன்று யார் யாரிடமோ சிதறிக் கிடக்கின்றன. 1848ஆம் ஆண்டின் தெருவுக்கு நம்மிடம் ஒரு படமும் இல்லை. 2023ஆம் ஆண்டின் தெருவுக்குப் படங்கள் உண்டு, சேர்த்து வைப்பார் இல்லை.

கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தையே தேயிலைத் தொழிலாளர் நூதனசாலையாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். 1820களில் முதற் கோப்பித் தோட்டம் போட்ட சிங்காப்பிட்டியும் அதே கம்பளைப் பக்கந்தான். ஒரு குடும்பம் சமைத்து, படுத்து, பிள்ளை பெற்று, செத்த பத்தடிக் காம்பரா எவ்வளவு சிறிதென்பதை அங்கே நின்று பார்க்கலாம். அம்மியும் உலக்கையும் கவ்வாத்துக் கத்தியும் கொழுந்துக் கூடையும் வரிசையாக உள்ளன. கூலியின் கழுத்திலே தொங்கிய தகரத் துண்டைப் பற்றியும் கேட்டறியலாம். 1901ஆம் ஆண்டு முதல் எந்தத் தோட்டத்துக்கு எந்த ஆள் என்று எழுத்தும் இலக்கமும் பொறித்து மாட்டிவிட்ட தகரம் அது. சென்ற தலைமுறையில் அதனை வீட்டுப் பெட்டியில் வைத்திருந்த பெரியவர்கள் உண்டு. இம்மலரைக் கையில் வைத்திருக்கும் வீடுகளில் இன்னும் அப்படியொரு தகரம் இருக்குமாயின், அதனை வைத்திருப்பவரின் முகத்தையும் குரலையும் சேர்த்துப் படம்பிடித்துத் தருமாறு இளைஞரைக் கேட்டுக்கொள்கிறோம்.